காயப்பட்ட மானின் தடத்தில் போவது: வட்டையோரத்து ஆக்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையிலும் அம்பாறைப் பக்கத்துக் காட்டோர வட்டைகளிலும் (வயல்வெளிகளிலும்) வயல் செய்கிறவர்களுக்கும் மாடு மேய்ப்பவர்களுக்கும் காயப்பட்ட மான் புதிதல்ல. கட்டுத்துவக்கில் (மிருகப் பாதைக்குக் குறுக்கே இழை இழுத்துக் கட்டி வைக்கும் துவக்கில்) பட்டது, சுருக்குக் கம்பியை அறுத்துக்கொண்டு ஓடியது, நாய் கடித்தது, பொத்துவில் பாணமை ரோட்டில் வாகனம் தட்டியது என்று ஏதோ ஒரு வகையில் கண்ணில் படும். கண்டவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். கூச்சல் போட்டுக்கொண்டு பின்னால் ஓடுகிறார்கள், இல்லாவிட்டால் "நமக்கேன் வம்பு" என்று வந்த வழியே போய்விடுகிறார்கள். இரண்டிலும் மான் சாகிறது, அதுவும் வேதனைப்பட்டு மெல்ல மெல்ல.

இது வேட்டை பழக்கும் எழுத்து இல்லை. இலங்கையில் புள்ளிமான், மரை, கேளையாடு எல்லாம் 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. வேட்டை சட்டப்படி நடக்கும் நாடுகளில், காயப்பட்டு ஓடிய மிருகத்தைத் தேடிப் பிடித்து அதன் வேதனையை முடித்து வைப்பது சுட்டவருடைய கடமை. இங்கே சுட்டவர் இருட்டோடு இருட்டாகப் போய்விடுகிறார், அந்தக் கடமை கண்டவர் தலையில் விழுகிறது. தடம் பார்க்கும் முறை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அங்கே அது துவக்கில் முடிகிறது, இங்கே வனஜீவராசிகள் உத்தியோகத்தரின் கையில் முடியவேண்டும்.

1. முதலில் தொலைபேசி, பிறகுதான் கால்

தடத்தில் இறங்குவதற்கு முன் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு எடுங்கள், அல்லது உங்கள் பகுதி வனஜீவராசிகள் காரியாலயத்துக்குச் சொல்லுங்கள். கட்டுத்துவக்கு, வெடிமருந்து சம்பந்தப்பட்டிருந்தால் பொலிஸ் 119க்கும் சொல்லவேண்டும். காரணம் ரொம்பச் சாதாரணமானது. மிருக வைத்தியர் உங்கள் ஊரில் உட்கார்ந்திருக்கமாட்டார், வர நேரம் எடுக்கும், அந்த நேரம் எவ்வளவு சீக்கிரம் ஓடத் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. இன்னொன்று, இரத்தத் தடத்தின் மேல் நீங்கள் நிற்கும்போது யாராவது வந்தால், வேட்டைக்காரன் இல்லை என்று காட்ட அந்த அழைப்பு ஒன்றுதான் உங்களிடம் இருக்கும்.

சொல்லும்போது "உன்னிச்சைப் பக்கம் ஒரு மான்" என்று சொல்லிப் பிரயோசனம் இல்லை. எந்த வட்டை, எந்த வாய்க்கால், எந்த வாடிக்கு (குடிசைக்கு) பக்கம், எத்தனை மணிக்குக் கண்டது, எந்தத் திசைக்குப் போனது, நாலு காலும் ஊன்றியதா, காயம் உடம்பில் எங்கே. வாட்ஸ்அப் இருந்தால் லொக்கேஷனை அனுப்பிவிடுங்கள். கூடவே ஒரு கேள்வி கேளுங்கள்: "நாங்கள் தடம் பார்க்கலாமா, நீங்கள் வரும்வரை நிற்கவேண்டுமா?" நில்லுங்கள் என்று சொன்னால் நிற்கத்தான் வேண்டும்.

2. கையில் இருக்கவேண்டியவை

வெள்ளை டிஷூ அல்லது கிழித்த வெள்ளைத் துணி, தண்ணீர், சார்ஜ் உள்ள போன், கணுக்கால்வரை மூடிய காற்சட்டை, சப்பாத்து, ஒரு பெரிய சாக்கு அல்லது பழைய சாரம். மாரி காலமென்றால் ஒரு துண்டுத் தார்ப்பாலும். இவ்வளவு போதும்.

கொண்டுபோகக்கூடாதவைதான் முக்கியம். கத்தி வேண்டாம், கயிறு வேண்டாம், நாய் வேண்டவே வேண்டாம். ஜெர்மனி போன்ற நாடுகளில் காயப்பட்ட மானைத் தேடுவதற்கென்றே பழக்கிய நாய்கள் இருக்கின்றன, அவை கயிற்றில் கட்டுப்பட்டுத் தடத்தை முகர்ந்து போகும். நம்முடைய வளவு நாய்க்கு அந்தப் பழக்கம் இல்லை, அது மானைக் கண்டவுடன் தொண்டையைப் பிடிக்கத்தான் பார்க்கும்.

ஆட்கள் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். பத்துப் பேர் போனால் தடம் முழுக்கச் செருப்படிதான் மிஞ்சும்.

3. கண்ட இடத்தைக் கலைக்காதீர்கள்

மானைக் கடைசியாகக் கண்ட இடத்துக்குப் பக்கத்து மரத்தில் ஒரு துணியைக் கட்டுங்கள். அந்த இடத்திலிருந்து அது மறைந்த திசையில் தெரியும் ஒரு அடையாளத்தை, ஒரு வீரை மரமோ கரையான் புற்றோ, மனதில் பிடித்து வையுங்கள், முடிந்தால் அந்தத் திசைக்கு ஒரு படமும் எடுங்கள். புதியவர்கள் இதைத் தேவையில்லாத வேலை என்று விட்டுவிடுவார்கள். அரை மணித்தியாலம் கழித்துத் திரும்பி வரும்போது எல்லாப் பற்றையும் ஒரே மாதிரித் தெரியும், அப்போதுதான் "இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா" என்ற வாக்குவாதம் தொடங்கும்.

சுருக்குக் கம்பியோ வெடித்த துவக்கோ கிடந்தால் தொடாதீர்கள். அது சாட்சிப் பொருள், அத்தோடு பக்கத்தில் வெடிக்காத இன்னொன்றும் இருக்கலாம்.

4. காத்திருங்கள்

ஆட்கள் ஆக அதிகம் பிழை விடுகிற இடம் இது. காயப்பட்ட மானைக் கண்டதும் மனிதருக்கு உடனே ஓடவேண்டும் போலிருக்கும், "ஐயோ பாவம்" என்று நெஞ்சு அடிக்கும். அந்த ஓட்டம்தான் மானைக் கொல்லும்.

யாரும் பின்னால் வரவில்லை என்று தெரிந்தால் காயப்பட்ட மான் அதிக தூரம் போகாது. முதல் அடர்ந்த மறைவில் நின்று, வந்த வழியைத் திரும்பிப் பார்த்து, பிறகு படுத்துவிடும். படுத்தால் உடம்பு விறைக்கும், இரத்தமும் சில வேளை உறையும், எழும்ப மனம் வராது. அப்படிப் படுத்த இடத்தில்தான் உத்தியோகத்தர் வந்து மயக்க ஊசி போடவோ வேறு முடிவு எடுக்கவோ முடியும். விரட்டினால் அதே மான் கிலோமீட்டர் கணக்கில் ஓடும், காட்டின் நடுவில் யாரும் காணாத இடத்தில் விழும்.

விரட்டுவதால் வரும் இன்னொரு கேடு வெளியே தெரியாது. பயந்து ஓடிக் களைத்த மானின் தசைகள் உள்ளுக்குள் சிதைகின்றன, அந்தக் கழிவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் இருதயத்தையும் தாக்குகிறது. காயம் சின்னதாக இருந்தாலும், பிடித்து மருந்து கட்டி விட்ட பிறகும், மணித்தியாலங்கள் அல்லது நாட்கள் கழித்து மான் செத்துப்போவது இதனால்தான். "நல்லாத்தானே இருந்தது, ஏன் செத்தது?" என்று கேட்பவர்களுக்குப் பதில் பெரும்பாலும் அந்தத் துரத்தலில் இருக்கும்.

எவ்வளவு நேரம் காத்திருப்பது? வேட்டை அனுமதியுள்ள நாடுகளில் நெஞ்சுக்கூட்டில் பட்ட மானுக்குக் குறைந்தது அரை மணித்தியாலம் விடுவார்கள். வயிற்றில் பட்டதென்று தெரிந்தால் ஆறு மணித்தியாலம், சில வேளை ஒரு முழு இரவு. நமக்குக் கணக்கு இதைவிட எளிது. உத்தியோகத்தர் வரும்வரை, அல்லது அவர் தொலைபேசியில் "பாருங்கள்" என்று சொல்லும்வரை. அவர் பார்க்கச் சொன்னாலும் அரை மணித்தியாலம் கழியாமல் இறங்காதீர்கள்.

சில இடங்களில் இந்தக் காத்திருப்பு மாறும். நாய்கள் மானை மறித்து நின்றால் முதலில் நாய்களை விரட்டவேண்டும், மான் அதன் பாட்டில் போகட்டும். சுருக்கில் மாட்டி நிற்கும் மானுக்குத் தடமே தேவையில்லை, ஆனால் கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்கு விலகி நின்று உத்தியோகத்தரிடம் நிலைமையைச் சொல்லிக்கொண்டே இருங்கள், கிட்டப் போகப்போக அது துள்ளும், கம்பி இன்னும் இறுகும். ரோட்டில் அடிபட்டு அதிர்ச்சியில் கிடக்கும் மானுக்கு, இரண்டு பக்கமும் வாகனங்களை மெதுவாக்கி விடுவதுதான் நீங்கள் செய்யக்கூடிய உதவி. மழை கறுத்துக்கொண்டு வந்தால் முதல் சில இரத்தத் துளிகளையும் ஒரு தெளிவான காலடியையும் தார்ப்பாலால் மூடிவிட்டு அதற்குப் பிறகும் காத்திருங்கள். இரத்தம் கழுவுப்பட்டாலும் ஈர மண் காலடியை நன்றாகவே பிடித்து வைக்கும்.

5. போகக்கூடாத நேரமும் இடமும்

இருட்டில் போகாதீர்கள். டோர்ச் வெளிச்சத்தில் இரத்தம் மினுங்கும், பார்க்க லேசு என்று யாராவது சொல்வார்கள். மட்டக்களப்பு, அம்பாறைக் காட்டோரத்தில் இருட்டினால் அது யானையின் நேரம். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு தடத்தில் புதிதாக இறங்கவேண்டாம், சூடு ஆறாத யானை லத்தி கண்டால் பகலிலும் திரும்பிவிடுங்கள்.

கட்டுத்துவக்கின் இழைக்கம்பி நிலத்திலிருந்து முழங்கால் மட்டத்துக்குள் மிருகம் நடக்கும் ஒற்றையடிப் பாதைக்குக் குறுக்கே இருக்கும், மானின் தடமும் அதே பாதையில்தான் போகும். அதனால்தான் முன்னால் போகிறவர் ஒரு மெல்லிய நீளத் தடியைத் தனக்கு முன்னால் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு நடக்கவேண்டுமென்று சிலர் சொல்வார்கள். நான் அதைச் சொல்லமாட்டேன். தடி இழையில் பட்டாலும் துவக்கு வெடிக்கும், நீங்கள் அதன் பக்கத்தில்தான் நிற்பீர்கள். கட்டுத்துவக்கு இருக்கிறதென்ற சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் தடம் முடிந்தது, மீதி பொலிஸின் வேலை. வயலைச் சுற்றி இழுத்த கள்ளக் கரண்டுக் கம்பிக்கும் இதே முடிவுதான்.

கல்லோயா, லகுகல, குமண போன்ற தேசியப் பூங்காக்களின் எல்லைக்குள் தடம் நுழைந்தால் எல்லையில் நில்லுங்கள். அனுமதியில்லாமல் உள்ளே போவது குற்றம், நல்ல நோக்கம் அதை மாற்றாது. இரத்தத்தின் மேல் சிறுத்தையின் பஞ்சுப் பாதம் பதிந்திருந்தாலும் திரும்பவேண்டியதுதான், அந்த மானுக்கு உரித்தாளி வந்துவிட்டது.

6. தடத்தை வாசிப்பது

முதலில் இது மானின் காலடிதானா என்று உறுதி செய்யுங்கள். புள்ளிமானின் குளம்பு நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து முன்னுக்குக் கூராக இருக்கும். மரையின் குளம்பும் அதே அமைப்புத்தான், அளவில் நன்றாகப் பெரிது. பன்றியின் காலடியில் பிளவின் முன்பக்கம் மொட்டையாகவும் பின்னால் இரண்டு சின்னக் குளம்புகள் வெளிப்பக்கம் அகன்றும் பதியும். பட்டி மாடுகள் திரியும் மாதவனை, மயிலத்தமடுப் பக்கம் கன்றுக்குட்டியின் அடியை மரையின் அடியென்று எடுத்து மணிக்கணக்காக அலைந்தவர்கள் இருக்கிறார்கள்; கன்றின் குளம்பு வட்டமாக இருக்கும், அதை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம்.

ஓடும் மானின் குளம்புப் பிளவு விரியும், சேற்றில் பின்குளம்பும் பதியும். நடக்கும்போது இரண்டும் சேர்ந்து ஒடுங்கிப் பதியும். ஓட்ட அடி நடை அடியாக மாறும் இடத்தைக் கண்டால் குரலைத் தாழ்த்துங்கள், அது கிட்டத்தில் படுத்திருக்கலாம். ஒரு கால் மண்ணை இழுத்துக்கொண்டு போனால், அல்லது ஒரு அடி மேலோட்டமாகவும் மறுபக்க அடி ஆழமாகவும் இருந்தால், அந்த மேலோட்டக் கால்தான் காயம்.

இனி இரத்தம். நுரை கலந்த வெளிறிய சிவப்பு என்றால் நுரையீரல், அந்த மான் கிட்டத்தில்தான் விழுந்திருக்கும். கறுப்பு ஓடிய கடும் சிவப்பு ஈரலாக இருக்கலாம். பச்சை அல்லது மண்ணிறக் கசிவு கலந்து சாண வாடை வந்தால் வயிறும் குடலும், ஆக வேதனையான காயம் அதுதான், இரத்தம் குறைவாகத் தெரிவதால் "சின்னக் காயம்" என்று ஆட்கள் ஏமாறுவதும் அதிலேதான். ஆரம்பத்தில் நிறையச் சிந்திப் போகப்போக வற்றும் தெளிந்த சிவப்பு பெரும்பாலும் தசைக்காயம், பிழைக்க வாய்ப்புண்டு. கண்டதை உடனே உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள், என்ன மருந்தோடு வருவது, வைத்தியரைக் கூட்டி வருவதா என்பதெல்லாம் அவருக்கு இதில் இருந்துதான் தெரியும்.

துளியின் உருவம் திசையைச் சொல்லும். நின்ற மானின் துளி வட்டமாக விழும், ஓடிய மானின் துளி போகும் பக்கம் பல்லுப் பல்லாகத் தெறித்திருக்கும். இலையிலும் புல்லிலும் எந்த உயரத்தில் பூசுப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கள், கணுக்கால் உயரமென்றால் கால், தொடை உயரமென்றால் உடம்பு. சருகில் இருக்கும் சிவப்புப் புள்ளி இரத்தமா இலையின் நிறமா என்று சந்தேகம் வந்தால் டிஷூவை நனைத்து ஒற்றுங்கள். இரத்தமென்றால் டிஷூவில் ஏறும்.

மயிரும் உதவும். செம்மண்ணிற மயிர் முதுகும் விலாவும், வெள்ளை மயிர் வயிறு அல்லது காலின் உட்பக்கம்.

7. தடத்தில் நடக்கும் முறை

தடத்தின் மேல் நடக்காமல் ஒரு முழம் தள்ளிப் பக்கத்தில் நடவுங்கள். மேலே நடந்தால் அடுத்து வருபவருக்கு வாசிக்க ஒன்றும் இருக்காது, திரும்பி வந்து பார்க்கவேண்டி வந்தால் உங்களுக்கும்தான்.

ஒருவர் நிலத்தைப் பார்க்கவேண்டும், அவர் நிமிரவே கூடாது. இரண்டாமவர் கடைசியாகக் கண்ட இரத்தத்தில் அசையாமல் நிற்பார், அடுத்த துளி கிடைத்த பிறகுதான் நகர்வார். மூன்றாமவர் முன்னுக்கும் பக்கத்துக்கும் பார்க்கவேண்டும்: யானை, பாம்பு, படுத்திருக்கும் மான். எல்லாரும் குனிந்துகொண்டு போனால் இருபது அடியில் படுத்திருக்கும் மானை எழுப்பிவிட்டுத்தான் காண்பீர்கள். பேச்சு வேண்டாம், கையசைவு போதும்.

ஒவ்வொரு துளியிலும் ஒரு துண்டு டிஷூ வையுங்கள். கொஞ்சத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் வெள்ளைப் புள்ளிகள் ஒரு கோடாகத் தெரியும், மான் எங்கே குறிவைத்துப் போகிறதென்று அந்தக் கோடு காட்டிவிடும். வரும்போது எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு வாருங்கள்.

காற்றையும் பாருங்கள். கச்சான் காலத்தில் காற்று மேற்குப் பக்கமிருந்து வரும், படுவான்கரையில் காடும் மேற்கேதான், ஆகவே காட்டுக்குள் போன மானின் பின்னால் போகும்போது காற்று உங்கள் முகத்தில் அடிக்கும், உங்கள் வாடை அதற்குப் போகாது. வாடைக்காற்றுக் காலத்தில் நிலைமை தலைகீழ். முதுகுப் பக்கமிருந்து வரும் காற்று உங்களுக்கு முன்னமே மானிடம் போய்ச் சேரும், அப்போது தடத்தை விட்டு ஒரு பக்கமாக வளைந்து வளைந்து போய் அவ்வப்போது வந்து தொட்டுப் பார்ப்பதுதான் வழி.

8. தடம் தொலைந்தால்

தொலையும். இலுக்குப் புல்லிலும் காய்ந்த கருங்கல் தரையிலும் கட்டாயம் தொலையும். அப்போது எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் சிதறுவது வழக்கமான பிழை. ஒருவர் கடைசித் துளியில் நிற்க, மற்றவர் அவரை நடுவாக வைத்து அரைவட்டமாக, முதலில் பத்தடி, பிறகு இருபதடி என்று விரித்துப் பாருங்கள். காயப்பட்ட மான் சில வேளை வந்த வழியிலேயே கொஞ்சத் தூரம் திரும்பி நடந்து பக்கத்தால் பிரியும், அதனால் பின்பக்கத்தையும் விடாதீர்கள்.

அதுவும் கிடைக்காவிட்டால் மிருகப் பாதைகள், அடர்ந்த நிழல், நீர் இருக்கும் இடம். கோடையில் குளத்தோரத்தையும் மடுவையும் பார்க்கலாம், தண்ணீர் விளிம்புக்குக் கிட்டப் போகவேண்டாம், முதலை இருக்கும். இந்தியாவில் கழுகு வட்டமிடுவதைப் பார்த்து இறந்த மிருகத்தைக் கண்டுபிடிப்பார்கள், இலங்கையில் பிணந்தின்னிக் கழுகு கிடையாது. இங்கே காகத்தின் சத்தம், நீல ஈக்களின் இரைச்சல், உடும்பு போன தடம்.

9. மானைக் கண்ட பிறகு

கண்ட இடத்திலேயே நில்லுங்கள். இன்னும் கிட்டப் போய்ப் படமெடுக்கவேண்டாம். மான் தலையைத் தூக்கி உங்களைப் பார்க்கிறதென்றால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் கிட்டிவிட்டீர்கள், மெதுவாகப் பின்வாங்கி மறைவிலிருந்து லொக்கேஷனை அனுப்புங்கள். ஒருவர் காவலுக்கு நிற்க, மற்றவர் ரோட்டுக்குப் போய் உத்தியோகத்தரைக் கூட்டி வரட்டும்.

எழும்ப முடியாமல் கிடக்கிறது, உத்தியோகத்தரும் தொலைபேசியில் சொல்கிறார் என்றால் மட்டும் பின்பக்கமாகப் போய்ச் சாக்கைக் கண்ணை மூடும்படி போடுங்கள், மூக்கு மூடக்கூடாது. கண் மறைந்தால் பயம் குறையும். பக்கவாட்டில் விழுந்து கிடந்தால் நெஞ்சு நிலத்தில் படும்படி நிமிர்த்தி வைக்கச் சொல்வார், ஏனென்றால் அசைபோடும் மிருகம் சரிந்து கிடந்தால் வயிறு ஊதி மூச்சு முட்டும். கொம்பும் பின்னங்காலும் வீசும் பக்கம் நிற்காதீர்கள்.

வாயில் தண்ணீர் ஊற்றவேண்டாம். பாவம் பார்த்து எல்லாரும் செய்வது இதுதான், அது நேரே நுரையீரலுக்குப் போகும். மஞ்சளும் வேண்டாம், தடவிக் கொடுக்கவும் வேண்டாம், மனிதக் கை மானுக்கு ஆறுதல் இல்லை. எச்சிலோ இரத்தமோ உங்கள் கைக்காயத்தில் பட்டால், அதுவும் நாய் கடித்த மானென்றால், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நாய் நோய்க்குக் காத்திருக்க நேரமில்லை.

பக்கத்தில் குட்டி படுத்திருந்தால் தூக்காதீர்கள். மான்குட்டி அசையாமல் படுத்திருப்பது அதன் இயல்பு, தாய் உயிரோடு கிட்டத்தில் நிற்கலாம். தாய்தான் செத்துக் கிடக்கிறது என்றால் அதையும் உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்ப்பது சட்டப்படியும் பிழை, பசுப்பால் கொடுத்துக் கொல்வதிலும் முடியும்.

10. "கத்தியை எடு மச்சான்"

யாராவது ஒருவர் இதைச் சொல்வார். "எப்படியும் சாகப்போகுது, வீணாப் போகாமல் அறுப்பம், மறுகா அவனுகள் வந்து என்ன செய்யப்போறானுகள்?" சொல்பவர் உங்கள் மாமாவாக இருக்கலாம், வயலுக்குத் தண்ணீர் விடுபவராக இருக்கலாம். அதனால் கிளம்பும் முன்னமே பேசி முடித்து விடுங்கள்: இந்த மான் யாருக்கும் இறைச்சி இல்லை, சரியென்பவர் மட்டும் வாருங்கள்.

ஏன் இவ்வளவு கறார்? காயப்பட்டதை அறுத்துப் பங்கு போடலாம் என்று ஒரு முறை வழக்கமானால், அடுத்த முறை காயப்படுத்துவதற்கே ஆள் இருக்கும். "கட்டுத்துவக்கில் பட்டுக் கிடந்தது" என்பது இறைச்சி விற்பவனின் பதிலாகிவிடும். சட்டமும் இறைச்சி கையில் இருப்பதைத்தான் பார்க்கும், மான் எப்படிச் செத்தது என்ற கதையை அல்ல.

வேதனையை உடனே முடித்து வைப்பது இரக்கம் இல்லையா என்று கேட்டால், இரக்கம்தான், நான் அதை மறுக்கவில்லை. குடல் சரிந்து கிடக்கும் மானுக்குப் பக்கத்தில் ஒன்றும் செய்யாமல் நிற்பது கஷ்டம். ஆனால் அது பிழைக்குமா இல்லையா என்பதை நம் கண் தீர்மானிக்க முடியாது, செத்துவிடும் என்று நாலு பேர் சத்தியம் பண்ணிய மான் எழும்பி ஓடும். அந்தத் தீர்மானம் வைத்தியருடையது, ஊசியும் அவரிடம்தான் இருக்கிறது. நீங்கள் செய்யக்கூடியது அவரை இன்னொரு தடவை அழைத்து "மூச்சு வாங்குது, விரைவா வாங்க" என்று சொல்வது.

11. கிடைக்காவிட்டால்

அன்று கிடைக்காவிட்டால் கடைசித் துளியில் துணியைக் கட்டி லொக்கேஷனைச் சேமித்துவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே வெளியே வாருங்கள். அடுத்த நாள் வெயில் ஏற முன்னம், யானை காட்டுக்குள் திரும்பிய பிறகு, அதே இடத்திலிருந்து தொடங்குங்கள். பட்டிக்காரர்களிடம் கேளுங்கள், காட்டோரத்தில் எங்கே காகம் கத்துகிறது, எந்த மடுவில் நாற்றம் என்பதெல்லாம் அவர்களுக்கு முதலில் தெரியும்.

இரண்டாம் நாளும் புதிய இரத்தமோ படுத்த தடமோ இல்லையென்றால் நிறுத்தலாம். அதற்கு மேல் திரிவது மற்ற மிருகங்களைக் கலைப்பதுதான். கடைசி அடையாளத்தின் இடத்தை உத்தியோகத்தருக்கு அனுப்பி, "தேடினோம், இதற்கு மேல் கிடைக்கவில்லை" என்று சொல்லிவிடுங்கள், போகும் வழியில் கண்ட சுருக்குகள் எந்தெந்த இடத்தில் என்பதையும் அதே செய்தியில் எழுதுங்கள். அவர்கள் வந்து கம்பிகளைக் கழற்றும் நாளில் ஒருவர் கூடப்போய் இடத்தைக் காட்டினால், ஒன்றுகூட விடுபடாமல் எடுக்கலாம்.